பிசின் கூடாது

"இந்தப் பிசினை எவன் கண்டுபிடிச்சான்? அவன் வீட்டுத் தரையை எவ தொடைக்கிறா?"

காலையில் ஹால் கதவைத் திறக்கும்போது ஒரு தடவை. மதியம் பக்கெட்டில் தண்ணீர் மாற்றும்போது ஒரு தடவை. சாயங்காலம் மாப்பைப் பிழிந்து கவிழ்த்து வைக்கும்போது ஒரு தடவை. இது வழக்கமான அளவு. பல்பு மாற்ற வந்தவர், தண்ணீர்க் கேன் போட வந்தவர், வழி தவறி உள்ளே வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டவர் என்று அகப்பட்டவர்களிடம் எல்லாம் கேட்டது தனி. யாருக்கும் பதில் தெரியவில்லை. கழிப்பறை கேட்டவர் மட்டும், "சத்தியமா நான் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்த வேலையை மறந்து வெளியே போய்விட்டார்.

பளபளக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது ஆட்டக்காரப் பெண்கள். தேசிய மகளிர் ஹேண்ட்பால் அணி பயிற்சி செய்கிற ஹாலில் துப்புரவுப் பணி அவளுடையது. பத்தொன்பது வருஷமாக அதே ஹால், அதே மரத்தரை. குனிந்து பார்த்தால் நெற்றிச் சுருக்கம் தெரியும். புதிதாக அணிக்கு வருகிற பெண்கள் முதல் வாரம் அதில் பொட்டு சரிசெய்து கொள்வார்கள். அக்கா அதற்கும் சத்தம் போடுவாள். "மூச்சுக் காத்து படுதுடி, தள்ளி நில்லு."

ஹேண்ட்பாலில் ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். கையால் பந்தை எறிந்து கோல் போட வேண்டும். ஒற்றைக் கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு எகிறி எறிய வேண்டியிருப்பதால் விரலில் பிசின் தடவிக்கொள்வார்கள். தேன் நிறத்தில், டப்பாவில் வரும். விரலில் இருந்து பந்துக்கு, பந்தில் இருந்து தரைக்கு, தரையில் இருந்து ஷூவுக்கு, ஷூ போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே போகும்.

அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒருநாள் கதவைத் திறந்தாள். தரை முழுக்கப் பழுப்புத் திட்டு. ஐந்து விரலும் பதிந்த கை ஒன்று நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்து நிறுத்து என்று சொல்வது போல் இருந்தது. நான்கு நாள் முட்டி போட்டு, சமையல் எண்ணெயை ஊற்றி ஊற வைத்து, பழைய பிளாஸ்டிக் ஸ்கேலால் ஓரத்தில் இருந்து உருட்டி உருட்டி எடுத்தாள். ஐந்தாவது நாள் ஹேண்ட்பால் சங்கத் தலைவர் அறைக்குள் போய் நின்றாள். வெளியே வரும்போது கையில் ஒரு பலகை இருந்தது. "பிசின் கூடாது. மீறினால் நான் கேட்பேன்." கீழே தலைவர் கையெழுத்து. அவர் தலைவரான நாளில் இருந்து போட்ட உத்தரவுகளில் முழுசாக அமலானது அது ஒன்றுதான்.

அதன் பிறகு தினமும் கதவருகில் சோதனை. பெண்கள் வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்று இரண்டு உள்ளங்கையையும் நீட்டுவார்கள். அக்கா கட்டைவிரலால் அழுத்தி, எடுத்து, காதருகே வைத்துக் கேட்பாள். சத்தம் வந்தால் பிசின்.

"அக்கா, இது மாம்பழம் சாப்ட்ட கைக்கா."

"மாம்பழம் சாப்ட்ட கையைக் கழுவிட்டு வா. பந்துக்குப் பழம் ஊட்ட வேணாம்."

வெளிச்செருப்போடு உள்ளே வருகிறவர் ஒரே ஒருவர்தான். தலைவர். அவரிடம் ஷூவைக் கழற்றச் சொல்லச் சங்கத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. அக்காவுக்கும் வரவில்லை. அவர் முன்னால் நடக்க, அவள் பின்னாலேயே மாப்போடு நடப்பாள். பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ மரியாதை போலத் தெரியும்.

வீட்டில் அவள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அடுக்களைத் தரையைக் காட்டி வாரம் ஒருமுறை கேட்பார். "இந்த ரூட்டுக்கு மட்டும் சர்வீஸே இல்லையா?"

"இது நாம நடக்கிற தரை. அது நாட்டுத் தரை."

"நாடு அங்கதான் வழுக்கி வழுக்கி விழுதாம். பேப்பர்ல போட்டிருக்கான்."

விழுந்தது உண்மை. பத்தொன்பது வருஷத்தில் ஏழு கோச் மாறினார்கள். அணி வெளிநாட்டில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. ஒவ்வொரு கோச்சும் ஒவ்வொரு காரணம் கண்டுபிடித்தார். உயரம் போதாது என்றார் ஒருவர். உறக்கம் போதாது என்றார் இன்னொருவர். இப்போது இருக்கிற எட்டாவது கோச் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்பவர். "ஃபோகஸ் இல்ல, ஃபோகஸ் இல்ல." பெண்கள் மட்டும் உலர்ந்த பந்தை இரண்டு கையாலும் அணைத்து, வயிற்றோடு வைத்துக்கொண்டு ஆடப் பழகியிருந்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லோரும் ஆளுக்கொரு குழந்தையைத் தூங்க வைப்பது மாதிரி இருக்கும்.

இந்த வருஷம் சர்வதேசப் போட்டிக்குக் கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது தலைவர் ஹாலுக்கு வந்தார். பெண்களை வட்டமாக நிற்க வைத்தார். அவருக்கு எந்தப் பேச்சையும் "ஒரு வகையில பாத்தா" என்றுதான் ஆரம்பிக்க வரும்.

"ஒரு வகையில பாத்தா, நீங்க எல்லாம் நம்ம வீட்டுப் பொண்ணுங்க. இன்னொரு வகையில பாத்தா, இந்தத் தடவை ஒரு மேட்சாவது ஜெயிக்கலேன்னா மகளிர் அணியைக் கலைச்சிர்றதுன்னு சங்கம் முடிவு பண்ணியிருக்கு. ஹாலைச் சோபா, பீரோ கண்காட்சிக்குக் கேக்கறாங்க. வருஷம் முழுக்க."

பின்னால் மாப்போடு நின்ற அக்காவின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் விழுந்தது. சோபாவுக்குக் கால் நான்கு. பீரோவுக்குக் கால் நான்கு. அதை இழுத்து வருகிற ஆளுக்குக் கால் இரண்டு, அதில் ஷூ. அன்று சாயங்காலம் அவள் மாப்பைப் பிழியாமலே வீட்டுக்குப் போனாள்.

அணி தோற்றால் தரை போய்விடும். இப்படித்தான் அவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஹேண்ட்பாலின் மேல் அக்கறை வந்தது.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது போட்டி நடத்துபவர்களிடம் இருந்து ஒரு கடிதம் வந்தது. மகளிர் ஆட்டத்தில் பெஞ்சில் உட்கார்கிற அதிகாரிகளில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். செயலாளர் பட்டியலைப் பார்த்தார். கோச், செயலாளர், அணி மருத்துவர் என்ற பெயரில் தலைவரின் மைத்துனர். மைத்துனர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மருந்து அலமாரிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் மருத்துவர்தான். பெண் என்று ஒருவரும் இல்லை. மகளிர் அணிக்குப் பெண் அதிகாரி வேண்டும் என்பது அவர்களுக்கு உண்மையிலேயே புதிய செய்தி.

செயலாளர் தன் மனைவியைக் கேட்டார். "உங்களோட வீட்ல இருக்கறதே போதும்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். கடைசியில் சங்கத்தின் பணியாளர் பதிவேட்டைப் புரட்டினார்கள். அதில் பெண் என்ற கட்டத்தில் ஒரே ஒரு டிக் இருந்தது.

"என்னது, ப்ளேன்லயா?" என்றாள் அக்கா. "அப்ப இங்க யாரு தொடைக்கறது?"

"நோட் பண்ணிக்கிட்டேன்" என்றார் செயலாளர். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். எதில் நோட் பண்ணுகிறார் என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை.

துணை மேலாளர் என்று அட்டை அடித்துக் கழுத்தில் மாட்டினார்கள். கோட்டு கொடுத்தார்கள். போன வருஷம் மைத்துனருக்குத் தைத்தது. கை விரலைத் தாண்டி ஒரு சாண் தொங்கியது. வீட்டுக்காரர் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. உள்ள ஆள் இருக்காங்கன்னு ஒரு போர்டு மட்டும் மாட்டிக்கோ."

"பேசாம இருங்க. மேலே போறப்போ பயமா இருக்குமா?"

"பிரேக் போட மாட்டான். அதனால பயப்படாதே."

பெட்டியில் இரண்டு துணி, ஒரு எண்ணெய் பாட்டில், அந்தப் பழைய பிளாஸ்டிக் ஸ்கேல். பழக்கம். துடைக்கிற துணி இல்லாமல் அவள் எங்கேயும் போனதில்லை.

முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எதிரணிப் பெண்கள் கோட்டோரம் ஒரு டப்பாவைத் திறந்து வைத்து, ஐஸ்க்ரீம் எடுப்பது மாதிரி விரலால் வழித்துக்கொண்டார்கள். அக்கா கோட்டுக்குள் துணியைத் தேடினாள். எழுந்து போய்க் கேட்டிருப்பாள். கோட்டின் கை நாற்காலியில் மாட்டிக்கொண்டது.

பந்து உள்ளே வரும்போதே ஒட்டிக்கொண்டிருந்தது. நம் கேப்டன் அதை வழக்கம்போல இரண்டு கையாலும் வாங்கி எகிறி எறிந்தாள். பந்து போகவில்லை. கையோடு கீழே வந்து, அப்புறம் மனசு மாறி அவள் காலிலேயே விழுந்தது. அடுத்தவள் எறிந்தது கூரையைப் பார்க்கப் போனது. மூன்றாவது பெண் பந்தை உதறிக்கொண்டே எதிரணி நடுவில் ஓடினாள்.

"ஃபோகஸ், ஃபோகஸ்" என்றார் கோச்.

நாற்பத்தொன்றுக்கு ஆறு. மறுநாள் இரண்டாவது ஆட்டம், முப்பத்தெட்டுக்கு ஏழு. தலைவர் நிருபர்களிடம் பேசினார். "ஒரு வகையில பாத்தா, ஆறுலேர்ந்து ஏழுக்கு வந்திருக்கோம். இது வளர்ச்சி. இன்னொரு வகையில பாத்தா, இங்க விளக்கு ரொம்ப வெளிச்சம்." மைத்துனர் எல்லாப் பெண்களுக்கும் தலைவலி மாத்திரை கொடுத்தார். அவரிடம் அது மட்டும்தான் இருந்தது.

எல்லோரும் உடை மாற்றும் அறைக்குத் திரும்பினார்கள். ஷவர் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா கேப்டன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கேப்டனுக்கு முப்பத்திரண்டு வயது. கலைத்துவிட்டால் இதுதான் கடைசி. ஏற்கெனவே ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருக்கிறாள். அங்கே பிள்ளைகள் போட்டி முடிவை அவளுக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருப்பார்கள்.

"ஏன்டி இப்படி? பந்து ஏன் கையை விட்டுப் போகமாட்டேங்குது?"

கேப்டன் குனிந்தாள். ஷூ லேசை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

"பிசின்க்கா. எல்லா நாட்லயும் சின்ன வயசுலேர்ந்து அதுல ஆடிப் பழகறாங்க. நாங்க இங்க வந்துதான் தொடுறோம். கை பழகறதுக்குள்ள ஊருக்குக் கிளம்பிர்றோம்."

"ஏன், ஊர்லயே பழக வேண்டியதுதானே?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அவள் குரலே கேட்டது. பதினான்கு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் சத்தம் போட்டிருந்தாலாவது அவளும் பதில் சத்தம் போட்டிருப்பாள். அந்த மரியாதைதான் அவளைச் சுட்டது.

"யாராவது ஒருத்தி எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"பலகையில எழுதியிருந்துச்சேக்கா, மீறினா நீங்க கேப்பீங்கன்னு" என்றாள் கோல் காக்கிற கோலி. ஒல்லிப்பெண், பேச்சில் மட்டும் குண்டு. "நீங்க கேக்கறதை நாங்க கேட்டிருக்கோம்."

அக்கா போனில் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் கரகரவென்று ஒரு சத்தம்.

"என்ன, லைன் போச்சா?"

"இருக்கேன். பத்தொம்பது வருஷமா தப்பான ரூட்ல வண்டியைச் சுத்தமா ஓட்டியிருக்கே. இப்பத் திருப்பு."

மறுநாள் மதியம் கடைசி ஆட்டம். எதிரணியும் இரண்டு ஆட்டமும் தோற்ற அணிதான். காலையில் ஒரு மணி நேரம் பயிற்சிக்குத் தரையைக் கொடுத்தார்கள். அதற்கு முன்னாலேயே அக்கா அந்த ஹாலின் பின்பக்கம் போய்விட்டாள். மாப்பு எங்கே இருக்கும் என்று எந்த நாட்டு ஹாலிலும் அவளுக்குத் தெரியும். படிக்கட்டுக்கு அடியில்.

அங்கே அந்த ஊர்த் துப்புரவுக்காரி ஒருத்தி பக்கெட்டின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அக்கா கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தன் முட்டியைக் காட்டினாள். அவள் தன் முட்டியைக் காட்டினாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே காய்ப்பு. அக்கா விரலை ஒட்டி ஒட்டிப் பிரித்துக் காட்டினாள். அவள் வானத்தைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னாள். மொழி தெரியாவிட்டாலும் அது "எவன் கண்டுபிடிச்சான்" என்பதுதான் என்று அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. பிறகு அவள் குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டு, யாரோ விட்டுப்போன பாதி டப்பாப் பிசினை எடுத்துக் கொடுத்தாள்.

பயிற்சி ஹாலின் கதவருகில் அக்கா நின்றாள். பெண்கள் அவளைப் பார்த்ததும் பழக்கத்தில் செருப்பைக் கழற்றி, வரிசையாக நின்று, உள்ளங்கையை நீட்டினார்கள். அக்கா டப்பாவைத் திறந்தாள்.

யாரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. யாரும் நம்பவும் இல்லை.

"இங்க பாருங்கடி. இந்தச் சனியனோட பத்தொம்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். இதோட குணம் எனக்குத் தெரியும். உள்ளங்கையில பூசினா பந்து உங்களை விட்டுப் போகாது, கூடவே வந்து சாப்பாடு கேக்கும். மூணு விரல் நுனியில மட்டும். ஒரு மொச்சை அளவு."

"டெக்னிக் வேற, டெக்னிக் வேற" என்றார் கோச்.

"இருங்க தம்பி. ஒட்டினதை நேரா இழுத்தா வராது. எத்தனை நகம் போயிருக்கு தெரியுமா எனக்கு? ஓரத்துலேர்ந்து உருட்டணும். பந்தை விடுறப்போ கையைப் பிடுங்காதீங்க. சுண்டுவிரல் பக்கம் முதல்ல கழண்டு, விரல் நுனி கடைசியில கழலணும். உருட்டி விடு."

கேப்டன் எறிந்தாள். பந்து கம்பத்தில் அடித்தது. மறுபடி எறிந்தாள். வலைக்குள் போனது. ஒற்றைக் கையால். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாருடையதோ மாதிரி.

ஒரு மணி நேரத்தில் சாம்பியன் ஆகிவிட முடியாது. ஆகவும் இல்லை. ஆனால் எதிரணியும் அன்று வரை உருப்படியாக எதுவும் செய்யாத அணி என்பதால், ஆட்டம் இருபத்தொன்றுக்கு இருபத்தொன்று என்று வந்து நின்றது. இன்னும் மூன்று நிமிஷம். கோச்சுக்குக் குரல் போய்விட்டதால் ஃபோகஸை ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அப்போதுதான் அக்கா அதைப் பார்த்தாள். நம் கோலுக்கு முன்னால் தரையில் ஒரு கையகல வியர்வை. விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. பத்தொன்பது வருஷத்தில் ஈரத் தரையைப் பார்த்துவிட்டு அவள் உட்கார்ந்திருந்தது கிடையாது. துணை மேலாளர் எழுந்தார். கோட்டுக்குள் இருந்து துணியை எடுத்தார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே நடந்து போய், முட்டி போட்டு, அந்த இடத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டுச் சாய்ந்து பார்த்துத் திருப்திப்பட்டும் கொண்டார்.

நடுவர் விசில் ஊதி இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு தடவை தொடைக்கணுமா?" என்றாள் அக்கா.

இரண்டு நிமிஷத் தண்டனை. அதிகாரி அனுமதி இல்லாமல் உள்ளே வந்ததற்கு, நம் அணியில் ஒரு பெண் வெளியே உட்கார வேண்டும். ஆறு பேர் ஏழு பேரை எதிர்த்து ஆட வேண்டும். அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் துணியை முகத்தில் வைத்துக்கொண்டாள். அந்தத் துணியில் முகத்தை வைக்கிற அளவுக்கு அவள் அதுவரை கலங்கியது கிடையாது. துடைத்த இடத்தில் அதற்குப் பிறகு யாரும் கால்கூட வைக்கவில்லை.

கோலி மூன்று பந்தைத் தடுத்தாள். ஒன்று நெஞ்சால், ஒன்று காலால், ஒன்று எதனால் என்று அவளுக்கே தெரியாது. தண்டனை முடிந்து உள்ளே போன பெண் போகிற போக்கில், "தொடைச்சாச்சு இல்ல, நிம்மதியா உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பன்னிரண்டு விநாடி இருந்தது. கோலி தான் தடுத்த மூன்றாவது பந்தை நீளமாக எறிந்தாள். கேப்டன் ஒற்றைக் கையால் வாங்கினாள், மூன்று எட்டு வைத்தாள், எகிறினாள்.

துணிக்குள் இருந்து அக்காவின் குரல் மட்டும் கேட்டது. "உருட்டி விடுடி."

இருபத்திரண்டுக்கு இருபத்தொன்று.

தலைவர் நிருபர்களிடம் ஓடி வந்தார். "ஒரு வகையில பாத்தா, அந்த ரெண்டு நிமிஷத் தண்டனை எங்க திட்டம். எதிரியை அலட்சியப்பட வைக்கிற உத்தி. இன்னொரு வகையில பாத்தா, துணை மேலாளரா அந்தம்மாவைத் தேர்ந்தெடுத்தது நான்தான்."

அணி பிழைத்தது. சோபாக்கள் வேறு ஹால் தேடிக்கொண்டன. ஊருக்குத் திரும்பிய மறுநாளே அக்கா ஏணியைப் போட்டு, பலகையைத் தானே கழற்றினாள். அதன் பிறகு தினமும் கதவருகில் நின்று நீட்டிய விரல்களில் மொச்சை அளவு பிசின் வைப்பாள். வைத்துக்கொண்டே, "இந்தப் பிசினை எவன் கண்டுபிடிச்சான்" என்பாள். பயிற்சி முடிந்ததும் எண்ணெய், ஸ்கேல், முட்டி. மறுநாள் மறுபடி திட்டு. தரையில் இப்போது யாருடைய நெற்றியும் தெரியாது.

எட்டு மாதம் கழித்து அவள் ஓய்வு பெற்றாள். அதற்குள் அணி இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தது. பாராட்டு விழாவையும் பிரிவு விழாவையும் சங்கம் ஒரே மாலையில் வைத்துவிட்டது, ஒரே மைக்கில் இரண்டும் முடிந்துவிடும் என்பதால். அன்று மதியப் பயிற்சியின் பிசினைத் துடைக்க விடாமல் நாற்காலிகளைப் போட்டுவிட்டார்கள்.

தலைவர் வழக்கம்போல ஷூவோடு வந்தார். பேசினார். மகளிர் அணியின் எழுச்சிக்குத் தான் பட்ட பாட்டைச் சொன்னார். பேசி முடித்து, அக்காவுக்குப் பொன்னாடை போர்த்த மேடையில் இருந்து இறங்கி, தரையில் நான்கு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டுக்குக் கால் மட்டும் வந்தது. ஷூ வரவில்லை. ஒரு காலில் சாக்ஸோடு, பொன்னாடையைப் பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி நின்றார். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். முன் வரிசையில் பஸ் டிரைவர் மட்டும், "வண்டி பிரேக்டவுன்" என்றார், மெதுவாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"என்னம்மா இது," என்றார் தலைவர். "பத்தொம்பது வருஷம் கண்ணாடி மாதிரி வெச்சிருந்தீங்க. போற நாள்ல தரையை இப்படிப் பண்ணிட்டுப் போறீங்களே."

அக்கா பொன்னாடைக்குத் தலையைக் குனியவில்லை. அவர் ஷூவையும் சாக்ஸையும் ஒருமுறை பார்த்தாள்.

"ஐயா, அந்தப் பத்தொம்பது வருஷமும் தரை கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு, பொண்ணுங்க ஒரு மேட்ச் ஜெயிக்கல. அதுல பாதித் தப்பு என்னோடது, அவங்ககிட்ட சொல்லி மன்னிப்பும் கேட்டுட்டேன். மீதிப் பாதி யாரோடதுன்னு நீங்க வீட்டுக்குப் போய் உக்காந்து யோசிங்க. இந்தத் தரை ஆடுறவங்களுக்கு. பேசறவங்க வாசல்ல ஷூவைக் கழட்டிட்டு வரணும்னு முதல் நாளே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டேன், அதுவும் என் தப்புதான். இப்ப இன்னொண்ணையும் கழட்டி அதுக்குப் பக்கத்துல வெச்சிட்டு வெறுங்காலோட வாங்க, குனியறேன். ஷூவை நாளைக்கு வர்றவ எடுத்துத் தருவா. நீங்க அவசரப்பட்டு நேரா இழுக்காதீங்க, வராது. ஓரத்துலேர்ந்து உருட்டணும்."